உன் அம்மா கழுவிய கைகள்

தம்பி,

இதை நீ எந்த ஊர் லாட்ஜில் உட்கார்ந்து படிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆடிப்பெருக்கு அன்று பிரஸ்ஸில் புது கேலண்டர் மாதிரிகளை ஒட்டிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டார்கள், மறுநாள் விடிந்ததும் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாய். அதற்குப் பிறகு நான் போன் போடும்போதெல்லாம், "கஸ்டமர்ட்ட இருக்கேம்ப்பா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்க் கேலண்டர் ஆர்டர் பிடித்தவன் நான். கஸ்டமர் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பின்னால் டிவி சீரியல் ஓடாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் உன் மேல் கோபமில்லை. நீ போனில் நின்று பேசியிருந்தாலும் இதை நான் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். ஊரெல்லாம் பேசி ஆர்டர் வாங்கிய வாய், வீட்டில் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமலே இருந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். நீ பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும், வரவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உன் மனைவிக்கு இப்போது ஐந்தாவது மாதம். ஆடி பிறந்த வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சிபிலிஸ் இருக்கிறது என்று சொன்னார்கள். சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். கணவனும் ரத்தம் கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், நேரத்தோடு போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் அம்மா தெளிவாகச் சொன்னாராம். நீ வீட்டுக்கு வந்து, அவளுடைய பட்டாசு ஆலை வேலையைக் காரணமாக்கி, உன் அம்மாவிடம் வேறு சொன்னாய். "பயராபீஸ்ல கெமிக்கலோடயே கெடந்தா ரத்தம் கெடாம என்ன செய்யும்? வயித்துப் பிள்ளையோட ஊசியெல்லாம் போட வேண்டாம். நான் சீசன் முடிஞ்சு வந்து பெரிய டாக்டர்ட்ட காட்டுறேன். அதுவரைக்கும் அவள வேலைக்குப் போக விடாதீக." பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பொய் உன்னுடையது இல்லை. முப்பத்து இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே வீட்டில், இதே வார்த்தைகளில் அதை முதலில் சொன்னவன் நான்.

நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், கல்யாணமான புதிதில், நானும் ஆல்பத்தோடு ஆந்திராப் பக்கம் போனேன். அயர்ன் போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, வாயில் அரைகுறைத் தெலுங்கு. ஒரு ஊரில் மழை பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஒரு கடையும் திறக்கவில்லை. லாட்ஜில் இருந்த வேறொரு பிரஸ்காரன் ஒரு பெண்ணிடம் போகலாம் என்று கூப்பிட்டான், போனேன். கூப்பிட்டவன் மேல் பழி போட மாட்டேன். அந்தப் பெண்ணின் மேலும் போட மாட்டேன். மழையின் மேல் போட்டுவிடலாம் என்று கொஞ்ச நாள் பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை. என் காலில் நான்தான் நடந்து போனேன். சில வாரம் கழித்து ஒரு புண் வந்தது. வலியே இல்லை, தானாக ஆறியும் போயிற்று. வலிக்காத புண்ணை எவன் மதிப்பான்? தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் காய்ச்சலும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் புள்ளிகளும் வந்தன.

நம் பக்கத்து டாக்டரிடம் போனால் எவனாவது பார்த்துவிடுவான் என்று மதுரைக்குப் போனேன். அங்கே சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டபோது, என் கஸ்டமர் ஒருவரின் பெயரைச் சொன்னேன். ஜவுளிக்கடை முதலாளி, நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், கோயில் கமிட்டியில் இருப்பவர். பாவம், அந்த நோட்டில் இன்றைக்கும் அவர்தான் நோயாளி. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் போடலேன்னா பிரயோஜனமில்ல" என்றார். "அடுத்த வாரமே கூட்டிட்டு வர்றேன் சார்" என்றேன். ஆர்டரை முடிக்கும்போது சொல்வோமே, சரக்கு அடுத்த வாரமே வந்துவிடும் என்று, அதே குரலில் சொன்னேன். எனக்குச் சரியாகிவிட்டது, இனி அவளுக்கு என்ன வரப்போகிறது என்று நானே டாக்டராகி முடிவு செய்துகொண்டேன். அதற்குள் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

உன் அம்மா அப்போது விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்குக் கெமிக்கல் அடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரும்போது முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் மினுங்கும். உண்டாகி மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "போர்மேன் பவுடர் ஒத்துக்கலேன்னு சொல்லி பாக்கிங்ல மாத்தி விட்டுட்டாருங்க. ஆனா அரிக்கவே இல்ல, போகவும் மாட்டேங்குது. என்னான்னு பாருங்களேன்." பார்த்தேன். அதே செம்பு நிறம், அதே புள்ளிகள். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் மதுரை பஸ்ஸில் ஒரு பகல், இரண்டு ஊசி, ஒரு சண்டை. அதோடு முடிந்திருக்கும். "பவுடர்தான். நல்லாத் தேச்சுக் கழுவு, போயிரும்" என்றேன். அவள் புளியும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நாளில் புள்ளிகள் தானாக மறைந்தன. கழுவியதால் போயிற்று என்று அவள் நம்பினாள். நானும் நம்பிக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

எட்டாவது மாதம் பிள்ளை இறந்தே பிறந்தது. பெண். உனக்கு அக்கா. ஆஸ்பத்திரி நடையில் என் அக்கா, அதாவது உன் பெரிய அத்தை, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "பயராபீசுக்குப் போவாத போவாதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பவுடர் கையோட வயித்தத் தடவித் தடவியே பிள்ளைய முழுங்கிட்டாளே!" கதவுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா படுத்திருந்தாள். கதவு சாத்தியிருக்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். "அக்கா, வாய மூடு" என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு பேனாக்காரன், பேச்சில் கெட்டிக்காரன், அன்றைக்கு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றேன். இதை எழுதும்போது காது சுடுகிறது, தம்பி. அவமானம் என்றால் என்னவென்று எனக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் புருஷனைக் கூப்பிட்டுத்தான் சொல்வார்கள், பொம்பிளையின் உடம்பைப் பற்றி பொம்பிளைக்குச் சொல்வது வழக்கமில்லை. வாரத்துக்கு ஒரு ஊசியாக மூன்று வாரம், இரண்டு பேருக்கும் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பிள்ளையும் இப்படித்தான் ஆகும் என்றார். அதற்கு மேல் ஏமாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. போட்டோம். ஆனால் உன் அம்மாவிடம் அது ரத்தம் ஊறுவதற்கான ஊசி என்றேன். "உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள். "நீ மெலிஞ்சத பாத்து நானும் மெலிஞ்சிட்டேன்ல" என்றேன். அந்த நிலைமையிலும் அவள் சிரித்தாள். அந்த வருஷம் நான் ஆல்பத்தோடு மூன்று வாரம் பிந்தித்தான் கிளம்பினேன். பொண்டாட்டிக்காகச் சீசனையே விட்டுவிட்டுக் கிடக்கிறான் என்று தெருவே மெச்சியது. மெச்சியதையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து நீ பிறந்தாய், நல்ல எடையோடு, நல்ல சத்தத்தோடு. உன் அம்மா உன்னைத் தொடவில்லை. நீ நம்ப மாட்டாய், உனக்கு யாரும் சொன்னதில்லை. பால் கொடுக்க மடியில் யாராவது எடுத்து வைக்க வேண்டும். அவளாகத் தூக்க வேண்டியிருந்தால், துவைத்த வேட்டித் துணியை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு அதன் மேல்தான் உன்னை ஏந்துவாள். அப்போது அவள் பட்டாசு ஆலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது, கையில் ஒரு பொட்டுப் பவுடர் கிடையாது. ஆனாலும் பயம். மூன்று மாதம் இப்படியே ஓடியது. பார்க்கிறவர்கள் "எம்புட்டுச் சுத்தபத்தம்!" என்றார்கள். நானும், "ஆமா, அவளுக்குச் சுத்தம் ஜாஸ்தி" என்றேன். இன்றைக்கும் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் சட்டையும் சோப்பும் வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போகிறாளே, பிள்ளையைக் கையில் வாங்கி நீ பார்த்திருக்கிறாயா? வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள்.

உன்னை நான் ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு லீவில் பட்டாசு ஆலைக்குப் பாக்கிங் வேலைக்குப் போகிறேன் என்று நீ குதித்தாய், உன் அம்மா விட மாட்டேன் என்றாள். கோபத்தில் நீ, "நீதான அந்தப் பிள்ளைய பவுடர் கையோட கொன்ன! என்னைய எதுக்குப் புடிச்சு வைக்கிற?" என்று கத்தினாய். அவள் குழாயடிக்குப் போய்விட்டாள். நான் உன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். உன் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து நீ அந்தக் கதையைத்தான் சொன்னாய், அம்மாவை ஒரு வார்த்தை சொன்னதற்காக அப்பா அடித்தார், பொம்பிளைகளை மதிக்க அவரிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று. மண்டபமே கைதட்டியது. உன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் மேடையில் பட்டு வேட்டியோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ திருப்பிச் சொன்னது நான் கற்பித்த பொய், தம்பி. அந்த அறை எனக்கு விழுந்திருக்க வேண்டியது.

இப்போது இதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கரும்பை வெட்டி என்னிடம் ஒரு துண்டு நீட்டினாய். உன் உள்ளங்கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்தச் செம்பு நிறத்தை நான் எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் மறப்பேனா? "என்னலே கையில?" என்று கேட்டேன். "புது ஆல்பத்துல இங்க் வாசனை ஜாஸ்தி, ஒத்துக்கலப்பா" என்றாய். "தேங்கா எண்ணெய் தடவு" என்றேன். அடுப்படியில் மருமகள் சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை இல்லை, உடம்பில் இந்த நோயும் வந்திருக்காதோ என்னவோ. உன்னைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் கரும்பைக் கடித்துக்கொண்டு டிவி பார்த்தேன். உன் மனைவிக்கு வந்ததில் பாதி அந்தக் கரும்புத் துண்டில் இருக்கிறது.

நீ போன பிறகு நர்ஸ் அம்மா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். "அண்ணே, கெமிக்கலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நாள் போகப் போக பிள்ளைக்குத்தான் ஆபத்து. நீங்களாவது மகன்ட்ட சொல்லுங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். மருமகளிடம் தனியாகவும் பேசிப் பார்த்தார். அவளோ, "அவுக வரட்டும், அவுக சொன்னா போட்டுக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர் அங்கன்வாடிக்கு வருகிறார், அவரிடம் வந்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்று போன திங்கட்கிழமை நர்ஸ் அம்மா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். உன் வயசுப் பெண்தான் அந்த டாக்டர். பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே ஒன்றில் மடங்கி உட்கார்ந்தேன்.

அவர் சொன்னார்: "இது ஒழிஞ்சு போச்சுன்னு நாங்க படிச்ச நோய்ங்க ஐயா. இப்ப மறுபடி கர்ப்பிணிகள்கிட்ட பாக்குறோம். டெஸ்ட் இருக்கு, ஊசி இருக்கு, எல்லாம் இலவசம். பெண்கள் வந்துடுறாங்க. ஆண்கள்தான் வர்றதில்ல. ஏன் வரலேங்கிறதுதான் எங்க ஆராய்ச்சியே." எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பெண் ஊர் ஊராக அலைந்து தேடுகிற பதில், பட்டையாக விபூதி பூசிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறது. "எனக்கும் வந்ததும்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் சொந்தப் பெயரோடு அதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. ஒரு தாளை நீட்டினார், பெயர் எழுத வேண்டியதில்லை என்றார். அதில் ஒரு கேள்வி, மனைவியிடம் சொன்னீர்களா என்று. 'இல்லை' என்பதில் டிக் போட்டேன். இல்லை என்றால் ஏன் என்று எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். அதைக் காலியாகத்தான் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு இன்னும் தெரியாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் கொல்லைக் குழாயடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். உன் அம்மாவும் மருமகளும் எதிரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கிண்ணத்தில் புளி. மருமகளின் இரண்டு கையும் சிவந்து போயிருந்தன. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற பெண், அவள் கையில் என்ன இருக்கும்? உன் அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொல்கிறாள்: "நெகத்துக்குள்ள விட்டுறாத தாயி, அங்கனதான் பவுடர் தங்கும். நான் அன்னைக்கு இம்புட்டுக் கழுவல. கழுவியிருந்தா என் பிள்ள இருந்திருக்கும்." மருமகள், "எரியுது அத்தை" என்றாள். "எரியட்டும். பிள்ளையத் தொடுற கைல்லா?" என்றாள் உன் அம்மா. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் வாசலோரத்தில் செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தேன். என்னால் ஒரு பெண் முப்பத்து இரண்டு வருஷம் கை கழுவிக்கொண்டிருக்கிறாள், உன்னால் இன்னொருத்தி ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் உள்ளே போய்க் காகிதம் எடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்ற அந்த மூன்று வரிக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நோய்க்கு நான் பயப்படவில்லை. உன் அம்மா விட்டுவிட்டுப் போவாள் என்றும் பயப்படவில்லை, அந்தக் காலத்தில் அவள் எங்கே போவாள்? எனக்கு என் மரியாதை பெரிதாக இருந்தது. அயர்ன் போட்ட சட்டை கசங்கக் கூடாது. நல்ல புருஷன் என்ற பெயர் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. அவள் பெயர் கெட்டாலும் என் பெயர் நின்றால் போதும் என்று இருந்தேன். அவ்வளவு சின்னக் காரணம்தான்.

உன்னை நான் விசாரிக்கப் போவதில்லை. எந்த ஊர், யார், எப்போது என்று கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஒருவேளை நீ ஏற்கெனவே என்னைப் போல் எங்கேயோ வேறு பெயரில் ஊசி போட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நீ இன்னும் மோசமான இடத்தில் நிற்கிறாய் என்று அர்த்தம், ஏனென்றால் உனக்குத் தெரியும். போடவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மூடியதும் அந்த ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடு. இதைப் பார்ப்பதற்கென்றே தனி டாக்டர் இருப்பார், நீ யோக்கியனா என்று கேட்க மாட்டார்கள், வேலையைப் பார்ப்பார்கள். சீட்டில் உன் சொந்தப் பெயரைச் சொல். நீயும் போட்டுக்கொள்ளாமல் அவளுக்கு மட்டும் போட்டால் மறுபடி அவளுக்குத்தான் வந்து சேரும் என்று நர்ஸ் அம்மா சொல்கிறார். போட்டுக்கொண்டு ஊருக்கு வா. சீசனாவது ஒன்றாவது. ஒரு கடைக்குக் கேலண்டர் பிந்தினால் அந்தக் கடைக்காரன் வேறு பிரஸ்ஸில் வாங்கிக்கொள்வான்.

இதுவரைக்கும் எழுதி முடித்தது நேற்று மதியம். உனக்கு அனுப்புவதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டியவள் உன் அம்மா என்று தோன்றியது. மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். உன் அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். ஆந்திரா வந்தபோதும் அவள் கை நிற்கவில்லை. மதுரை வந்தபோதும் நிற்கவில்லை. வாசலில் கையை விரித்துக் காட்டிய இடம் வந்தபோது காம்பை அப்படியே கீழே போட்டாள். உன் உள்ளங்கையைப் பற்றியும் படித்தேன், எதையும் விடவில்லை.

முடிந்ததும் அவள் கேட்டாள்: "அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"எப்பவுமே இல்லையா?"

"எப்பவும் இல்ல. பிள்ள போனது என்னாலதான்."

திட்டுவாள், சாபம் கொடுப்பாள் என்று தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வசவையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் கீரை ஒட்டியிருந்த இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னாள்: "அவன மூணு மாசம் துணிய விரிச்சுல்ல தூக்குனேன். அப்ப சும்மாவே தொட்டிருக்கலாமே. வெறுங்கையாலயே தொட்டிருக்கலாமேங்க."

அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. இன்று காலையில் மருமகளை எழுப்பி, தலை சீவி, மினி பஸ்ஸில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில், "இது உன் கையால வந்ததில்ல தாயி, பயராபீசாலயும் வந்ததில்ல. எனக்கும் வந்துச்சு. அன்னைக்கு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல" என்று சொன்னாளாம். முதல் ஊசி போட்டாயிற்று. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்களாம். அடுத்த ஊசி வரும் வியாழக்கிழமை, உன்னையும் எதிர்பார்ப்பதாக நர்ஸ் அம்மா சொல்லியனுப்பினார். உன் பங்கை நாங்கள் மருமகளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை நீ சொல்ல வேண்டும். மத்தியானம் எனக்குச் சோறு வைத்தது மருமகள்தான். உன் அம்மா வைக்கவில்லை, அது சரிதான். கொல்லைக் குழாயடியில் இருந்த புளிக் கிண்ணத்தை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

இந்தக் கடிதத்தின் ஒரு நகலை அந்த டாக்டர் பெண்ணிடம் கொடுக்கப் போகிறேன், அவர் விட்டுவைத்த மூன்று வரிக்குப் பதிலாக. நம் மாதிரி வேறு எவனாவது படிக்கட்டும். அதனால்தான் நம் பெயர்களை எழுதவில்லை. கொஞ்சம் முன்னால் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் போய், "அவனுக்கு நீ எதுவும் சொல்லணுமா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல்தான் பதில் சொன்னாள். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"வரச் சொல்லுங்க. முதல்ல அவன் பொண்டாட்டிகிட்ட உள்ளதச் சொல்லட்டும். சொல்லிட்டு எங்கிட்ட வரட்டும். இந்தக் கையாலயே அவன் கன்னத்துல ஒண்ணு குடுக்கணும். குடுத்துட்டு, அவன ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்."

அப்பா